நீலப்பொடி

"இவதான் சார். பேர் எழுத வேணாம்னு நீங்க சொல்லிட்டா எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

தலைமையாசிரியை, பிள்ளைகள் எழுதிக் கொடுத்த ஆய்வுக் கேள்வித்தாள்களில் ஒன்றை மேசைமேல் தட்டினார். எதிரில் பதினாறு வயசுப் பெண் ஒருத்தி, தலையை நிமிர்த்தாமல் நின்றிருந்தாள்.

பேராசிரியரோடு வந்திருந்த ஆராய்ச்சி மாணவி அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். நேற்று வகுப்பு வகுப்பாகப் போய், "பேர் வேணாம், நம்பர் வேணாம், உண்மையை மட்டும் எழுதுங்க. யாருக்கும் தெரியாது" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னது அவள்தான். எழுதி வாங்கின தாள்களைப் பெட்டியில் போட்டு, பூட்டி, இங்கே வைத்துவிட்டுப் போனதும் அவள்தான். சாவியையும் இதே அறையில் மாட்டிவிட்டுப் போன புத்திசாலியும் அவள்தான்.

"பேரே இல்லையே மேடம், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இருபது வருஷமா பேப்பர் திருத்தறேன்மா. இந்த 'ழ'வைப் பாரு. வாலைச் சுழிச்சு அடுத்த எழுத்துக்கு அடியில கொண்டுபோய் விடுறவ இந்தப் பள்ளியிலேயே இவ ஒருத்திதான்."

எல்லாமே டிக் அடிக்கிற கேள்விகள்தான். ஒன்றே ஒன்றுக்குத்தான் எழுத வேண்டும். 'எப்போது சிகரெட் பிடிப்பாய்?' அந்தப் பெண், 'அழுகை வரும்போது' என்று எழுதி மாட்டிக்கொண்டாள்.

"சிகரெட்டுக்கு டிக். கடையில திருடினதுக்கும் டிக். இன்னிக்கே பள்ளியை விட்டு நீக்கறேன். பரீட்சையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"மிஸ், பரீட்சை மட்டும் எழுத விடுங்க மிஸ்" என்றாள் அந்தப் பெண்.

பேராசிரியர் கையை நீட்டினார். அவர் பொருளாதாரப் பேராசிரியர். வளர்கிற பிள்ளைகள் ஏன் புகைக்கிறார்கள், ஏன் திருடுகிறார்கள் என்று பத்து வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கிறார். கணக்கில் ஒரு புள்ளி பிசகினாலும் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். மாணவர்கள் வைத்த பேர் 'சல்லடை'.

"அதை இப்படிக் கொடுங்க."

தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பேனாவும் கையுமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சிரித்தார்.

"இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இது செல்லாத தாள் மேடம்."

"என்ன சார் சொல்றீங்க?"

"இங்க பாருங்க. 'நீலப்பொடி உபயோகித்தது உண்டா?' அதுக்கும் டிக் அடிச்சிருக்கா. நீலப்பொடின்னு ஒரு போதைப் பொருள் உலகத்துலயே கிடையாது. நாங்களா வச்ச பேர். பீலா விடுற பிள்ளைங்களைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்வி. இதுக்கு டிக் அடிச்சா மத்ததும் புருடான்னு அர்த்தம்."

அந்தப் பெண் சடாரென்று நிமிர்ந்தாள். "சார், நான் அதுக்கு..."

"வாயை மூடு" என்று அதட்டினார் பேராசிரியர். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. அழுகை வரும்போதாம். பெரிய சினிமா வசனம்."

ஆராய்ச்சி மாணவிக்குச் சுருக்கென்றது. பாவம், அவளே நொந்துபோய் நிற்கிறாள். இந்த மனுஷன் பொய்க்காரி என்று பட்டம் வேறு கட்டுகிறாரே.

தலைமையாசிரியை தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தார். "அடிப்பாவி, நானே ஏமாந்துட்டேனே. இவளைச் சும்மா விடச் சொல்றீங்களா?"

"எதுக்குச் சும்மா விடணும்? வாரம் ஒரு நாள் எங்க பல்கலைக்கழக மனநல ஆலோசகர்கிட்ட வந்து ஒரு மணி நேரம் உட்காரணும். அதான் தண்டனை. பரீட்சையை எழுதட்டும். பீலா விட்டதுக்கெல்லாம் நீக்க ஆரம்பிச்சீங்கன்னா உங்க பள்ளியில பாதி பெஞ்சு காலியாயிடும்."

தலைமையாசிரியைக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போ, வகுப்புக்குப் போ" என்றார். அந்தப் பெண் ஓடியே போய்விட்டாள்.

அந்தத் தாளையும் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவியும் காரில் ஏறினார்கள். மூன்று சிக்னல் தாண்டியதும் மாணவி பெட்டியைத் திறந்தாள். அந்தத் தாளை உருவினாள்.

"நீலப்பொடிக்கு டிக் அடிச்ச தாளை எல்லாம் கழிச்சுடணும்னு நீங்கதான சார் சட்டம் போட்டீங்க? இதைக் கழிச்சுடறேன்" என்றாள் வெடுக்கென்று.

"அதைத் தொடாதே" என்றார் பேராசிரியர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீலப்பொடி டிக்கை மட்டும் அழிச்சுடு. மத்ததெல்லாம் அந்தப் பொண்ணு எழுதின உண்மை. அது ஒண்ணுதான் நான் எழுதின பொய்."