வளையல் சத்தம்

கையைத் தண்ணீருக்குள் விட்டு ஆட்டினாள்.

ஒரு மீனும் வரவில்லை.

இன்னொரு முறை ஆட்டினாள். இரைச் சட்டியின் விளிம்பில் கல்லால் தட்டியும் பார்த்தாள். தவிடும் பிண்ணாக்கும் பிசைந்த உருண்டை கரைந்து அடிக்குப் போயிற்று.

பத்து மாதமாக இந்தக் குட்டைக்கு அவள்தான் இரை போடுகிறவள். கண்ணாடி வளையல் தண்ணீருக்குள் கலகலத்தால் போதும், கட்லாவும் ரோகுவும் முட்டி மோதிக்கொண்டு வரும்.

"ஒங்கிட்டயா வருது? ஒன் வளையலுக்குல்ல வருது," என்பான் புருஷன். இருளாண்டிக்கு எதிலும் ஒரு நக்கல்.

நேற்று அவனுக்குப் பதினாறாம் நாள் காரியம். நாத்தனார்கள் வளையலை உடைத்தார்கள்.

அவள் வீட்டில் முடங்கிய நாட்களில் மகளிர் குழுவின் மற்றப் பெண்கள் கரையில் நின்றே இரையை அள்ளி எறிந்திருக்கிறார்கள். தின்னாதது அழுகி, ஓரத்துத் தண்ணீர் நாறத் தொடங்கிவிட்டது. இன்னும் கெட்டால் அத்தனை மீனும் செத்து மிதக்கும். பன்னிரண்டு வீட்டு அடுப்பு இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

கூட வந்திருந்த குழுத் தலைவி சோலையம்மா, பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து தன் வளையல் கையை விட்டு ஆட்டினாள்.

மீன்கள் வந்தன.

பத்து மாதம் பழகியதுபோல அவள் விரலைக் கவ்வின.

இவள் பார்த்துக்கொண்டிருந்தாள். செத்தவன் சொன்னது சரியாகப் போயிற்றே. பதினாறு நாளும் வராத அழுகை அப்போது வந்தது.

சோலையம்மா கரையைத் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

சுமங்கலி வெறுங்கையாய் ஒரு நொடிகூட இருக்கக் கூடாது என்பார்கள். சோலையம்மா தன் வலக்கை வளையல் நான்கையும் கழற்றி, சட்டிக்குள் இரையின் மேல் வைத்தாள்.

"நாளைக்கு நீயே வா மதினி. எனக்கு இந்த வேல தோதுப்படாது."

வெறுங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

வெகுநேரம் இவள் சட்டியையே பார்த்தபடி இருந்தாள். பிறகு வளையலைப் போட்டுக்கொண்டாள்.

மீன்கள் கடைசி உருண்டை வரை தின்றன.

கழற்றப் போனவள், கழற்றவில்லை.

கரையேறும்போது முந்தானையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். வீட்டுக்கு இரண்டு தெரு தாண்ட வேண்டும்.

கையை ஆட்டாமல் நடந்தாள்.