எல்லாம் நானே

"ஃபெமினா கண்ணு, ஆறாம் பெட்டு அம்மாவுக்கு பிரஷர் பாத்துப்போட்டு, அப்படியே ஒன்பதுக்கு டிரிப்ஸ் மாத்தி உட்டுரு. நாலாம் பெட்டுக்குப் பெட்ஷீட் மாத்த ஜெயக்கொடியை அனுப்பு."

நாற்காலியை விட்டு எழாமலே சொன்னாள் ஷைலா. பீளமேட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதில் பெண்கள் எலும்பு முறிவு வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் அவள். வேலை வாங்குவதில் கெட்டிக்காரி. யாருக்குக் கை நிதானம், யாருக்கு வாய் நிதானம், எந்த நோயாளியிடம் யாரை அனுப்பினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. படிப்பு முடித்து வந்த புதிதில் ஊசியைப் பிடிக்கவே நடுங்கிய ஃபெமினாகூட இப்போது வார்டையே ஒரு கையால் சமாளிப்பாள். ஒரு குறை சொல்ல முடியாத வார்டு. ஷைலாவுக்குத்தான் செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமில்லை.

இன்று அதுவே அவளுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

நர்சிங் சூப்பரின்டெண்ட் இந்த மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர்தான் போட்டி. ஒருத்தி ஷைலா, இன்னொருவர் ஆண்கள் வார்டு இன்சார்ஜ் சைமன். நிர்வாக அதிகாரி கௌதமன் இன்று இரண்டு வார்டையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு. ஷைலாவின் கணவர் கிளமென்ட் ஒரு அவசரக்குடுக்கை. போன ஞாயிறு பூசை முடிந்ததும், பதவியே வந்துவிட்டதுபோல சர்ச் வாசலில் எல்லாருக்கும் கேக் கொடுத்துவிட்டார். இனி அது கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ஷைலா ஃபெமினாவை ஓரமாக அழைத்தாள்.

"கண்ணு, சார் வந்து எந்த வேலையை யாரு பாக்கறாங்கன்னு கேப்பாரு. எல்லாமே ஷைலா சிஸ்டர்தானுங்கன்னு சொல்லீரு. நான் சேரைத் தேச்சுட்டு உக்காந்திருக்கறது தெரிஞ்சா மானம் போயிரும்."

"அப்ப நாங்க என்ன பண்றோம்னு சொல்லட்டுங்க சிஸ்டர்?"

"கூடமாட ஒத்தாசைன்னு சொல்லு."

"சரிங்க சிஸ்டர்" என்றாள் ஃபெமினா. இன்று கொடுத்த வேலைகளோடு இதுவும் ஒன்று என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

கௌதமன் உள்ளே வந்தபோது ஷைலா ஆறாம் பெட்டருகே நின்று, தொட்டே பல மாதமான பிரஷர் கருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். படுத்திருந்தவர் தொண்டாமுத்தூர் தெய்வாத்தாள். தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டதென்று இருட்டில் ஓடி, வரப்பு தடுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர்.

"இந்த வார்டுல இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்லை. அதெப்படிங்க சிஸ்டர்?" என்று கேட்டார் கௌதமன்.

"எல்லாத்தையும் நானே பாத்துக்கறதுதானுங்க சார். ஊசி, டிரிப்ஸ், புண்ணுக்குக் கட்டு மாத்தறது, ஒண்ணையும் அடுத்தவங்க கைல உடமாட்டனுங்க."

"எல்லாமேவா?"

"எல்லாமேதானுங்க. காலைல வந்தா உக்காரவே நேரமிருக்காதுங்க."

தெய்வாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க தம்பி, நான் வந்ததுலருந்து இந்தம்மா அந்தச் சேரை உட்டு எந்திரிச்சு இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். அங்க உக்காந்துட்டே நீ இதைச் செய்யி, நீ அதைச் செய்யின்னு சொல்லும். இந்த அம்மணிகதான் ஓடி ஓடிச் செய்வாங்க. ஆனா ஒரு வேலை நிக்காதுங்க."

கௌதமன் சட்டென்று நிமிர்ந்தார். "அப்படீங்களா? உக்காந்த இடத்துலருந்தேவா?"

ஷைலா கை நீட்டிப் போர்வையை இழுத்து தெய்வாத்தாளின் கழுத்துவரை மூடினாள்.

"மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ணுனதுங்க சார். இன்னும் முழுசாத் தெளியலீங்க, என்னென்னமோ பேசறாங்க. வேணும்னா ஃபெமினாவைக் கேளுங்க."

கௌதமன் திரும்பினார். ஃபெமினா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"எல்லாமே ஷைலா சிஸ்டர்தானுங்க சார். நாங்க சும்மா கூடமாட ஒத்தாசைதானுங்க. சிஸ்டர் பக்கத்துல இல்லீன்னா எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாதுங்க."

கடைசி வரி அவளே சேர்த்துக்கொண்டது. ஷைலாவுக்கு அவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. இப்படி ஒரு பெண்ணைத் தயார் செய்ததற்காகத் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

கௌதமன் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார். "சரிங்க சிஸ்டர். எனக்குத் தெளிவாயிருச்சு."

"அப்ப சூப்பரின்டெண்ட் போஸ்ட்டுங்க சார்..." என்று இழுத்தாள் ஷைலா.

"அது சைமனுக்குத்தானுங்க. 'எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லீங்க சார், எல்லாத்தையும் புள்ளைங்களே பாத்துக்குவாங்க'ன்னு தைரியமாச் சொன்னாரு. இத்தனை வார்டு நர்சுகளையும் வேலை வாங்கறதுக்கு அந்த மாதிரி ஒருத்தரைத்தானுங்க தேடிட்டிருந்தோம். ரெண்டு பேர்ல யாருன்னு இப்ப வரைக்கும் எனக்குக் குழப்பமாத்தான் இருந்துது."

கிளம்பத் திரும்பிய கௌதமன் மறுபடி நின்றார்.

"அப்புறம், கூடமாட நிக்கறதுக்கு இத்தனை பேரு எதுக்குங்க? ஃபெமினாவையும் மத்தவங்களையும் நாளைலருந்து சைமன்கிட்ட அனுப்பீருங்க. அவர் கைல இருந்தா நாலு வேலை கத்துக்குவாங்க."

"ஐயோ சார், அப்ப இந்த வார்டை யாருங்க பாக்கறது?"

கௌதமன் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார்.

"நீங்கதானுங்களே?"