மை படாத பெருவிரல்

ராஜபாளையம் மில்லில் யாரும் இனித் தன்னைக் 'கைநாட்டு' என்று இளக்காரம் பேசக் கூடாது. அந்த வைராக்கியத்தில் ஷிப்டு முடிந்ததும் எட்டு மாதம் அறிவொளி வகுப்புக்குப் போனாள் பரிபூரணம்.

தன் கணக்கு இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் வங்கிக்கு வந்து, மைப்பெட்டியை ஒதுக்கிவிட்டுப் பணம் எடுக்கும் சீட்டில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"உங்க கணக்கு கைநாட்டுல இருக்கும்மா. கையெழுத்து செல்லாது," என்றார் குமாஸ்தா.

"அப்ப மாத்திக் குடுங்க சார்."

"மாத்தணும்னா இந்த மனுவுல கைநாட்டு வைக்கணும்."

பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

"கைநாட்டுக்குச் சாட்சியா, எழுதத் தெரிஞ்சவங்க ஒருத்தர் கையெழுத்துப் போடணுமே. யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

பரிபூரணம் மை விரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள்.

"பேனாவ இங்கிட்டு தாங்க சார். எழுதத் தெரிஞ்சவ நானே இருக்கேம்லா!"