பஞ்சை அழுத்தும் விரல்

பரிசோதனை அறைக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அவள் கையில் ஊசி குத்திய இடத்தில் வைத்த பஞ்சைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறார் லாரி ஓட்டும் கணவர். எச்.ஐ.வி. அவருக்கு, அவளுக்கு இதுவரை இல்லை. மாத்திரையால் கிருமி அடங்கிக் கிடக்கிறது, இனி அவளுக்குத் தொற்றாது என்று நர்ஸ் எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. அவருக்குத்தான் மனம் கேட்கவில்லை. வீட்டில் தம்ளர் தனி, படுக்கை தனி. தோள் பட்டால்கூட விலகிக்கொள்கிறார். இங்கே மட்டும், நர்ஸ் பக்கத்தில் இருக்கிற தைரியத்தில், அவளைத் தொடுகிறார். "இனிமே அக்கா வருஷத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணினா போதும்," என்கிறாள் நர்ஸ். அவர் முகம் தெளிகிறது. "நல்லதாப் போச்சு." அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நகக்கண்ணில் எத்தனை சோப்பு போட்டும் போகாத கிரீஸ் கறை. "இல்ல சிஸ்டர், மூணு மாசத்துக்கு ஒரு தடவையே வரேன்." "இன்னுமா பயம்?" என்று நர்ஸ் சிரிக்கிறாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. பஞ்சிலிருந்து மெல்ல விலகப்போகிற கணவரின் விரலைப் பார்த்து அவள், "இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க," என்கிறாள்.