வண்டியின் ராசி

"என் வண்டிய நான் ஓட்டக் கூடாதுன்னா வேற எவன் ஓட்டுவான்?" என்றார் கௌஸ் பாஷா.

"ஸ்டோர் லாரி சென்னப்பன் ஓட்டுவான். சாவியக் குடுங்க" என்று நர்ஸ் சரசம்மா கையை நீட்டினாள். "சொந்தக்காரங்க படுத்திருந்தா அந்த டிரைவர் ஓட்டவும் கூடாது, ஸ்ட்ரெச்சரத் தூக்கவும் கூடாது. கம்பெனி ரூல். நீங்களும்தான கையெழுத்துப் போட்டீங்க?"

போட்டிருந்தார். ஓசூர் தொழிற்பேட்டையில் அந்தக் கம்பெனியின் ஆம்புலன்சை அவர் பதினோரு வருடமாக ஓட்டுகிறார். விரல் நசுங்கியவர்கள், மயங்கி விழுந்தவர்கள் என்று எத்தனையோ பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இன்று ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தது அவருடைய மனைவி காத்தூன்.

காத்தூனுக்கு அதே கம்பெனியின் கேன்டீனில்தான் வேலை. பத்தே முக்காலுக்கு அவர் போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். வண்டியில் உட்கார்ந்து அவர் இரண்டாவது பீடியைப் பற்றவைப்பதற்குள் ஆள் ஓடி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இட்லித் துணிக் குவியல்மேல் சாய்ந்துவிட்டாளாம்.

"நேரா பெங்களூருதான்" என்றாள் சரசம்மா. "இருதயத்துல அடைச்ச ரத்தக் கட்டியக் கரைக்கிற புது ஊசி அங்க வந்திருக்குது. வலி வந்து ஆறு மணி நேரத்துக்குள்ள போட்டா ஆள் பொழச்சுக்கும். போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

பாஷா கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபது. இடது தோளை நீவிக்கொண்டே சாவியைக் கொடுத்தார்.

பின்பக்கம் ஏறத்தான் கால் வரவில்லை. ஓட்டுகிறவன் பின்னால் ஏறினால் வண்டியின் ராசி போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. மூன்று வருடத்துக்கு முன்னால் கை ஒடிந்தபோதுகூட இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று டவுன் பஸ்சில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி, பாதி வழியில் இறங்கி, நாட்டுக்கட்டு போட்டுக்கொண்டு திரும்பியவர். சென்னப்பன் அதை இன்னும் கேன்டீனில் சொல்லிச் சிரிப்பான்.

"உக்காந்தா ராசி போவாது பாஷாண்ணா. படுத்தாத்தான் போவும்" என்றான் சென்னப்பன், வண்டியைக் கிளப்பியபடி.

ஏறியதும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்த காத்தூன் அதை விடவே இல்லை. அவள் கண் அவருடைய கைக்கடிகாரத்திலேயே இருந்தது. உதடுகள் அசைந்துகொண்டே வந்தன. துவா ஓதுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

சரசம்மா மாத்திரையை எடுத்து, மென்று தின்னவேண்டும் என்றாள். காத்தூன் முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குதான்னு மொதல்ல நீங்க மென்னு பாருங்க."

"எனக்கென்னாத்துக்குடி? நோவு உனக்கா, எனக்கா?"

"இருவத்திரண்டு வருசமா உப்பு ஒறப்பு பாத்துத்தான உங்களுக்குப் போட்டேன்? எனக்காக ஒரு மாத்திர திங்க மாட்டீங்களா?"

மென்றார். கசக்கவில்லை, புளித்தது. காத்தூன் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தன் பங்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

அடுத்து ஆக்சிஜன் மாஸ்க். அதற்கும் அடம். மூச்சு முட்டும், பயமாக இருக்கிறது, நீங்கள் போட்டுக் காட்டுங்கள் என்றாள். போட்டுக் காட்டினார். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். சரசம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று பாஷாவுக்குச் சந்தேகம். உயிர் போகிற நேரத்தில் இவர்களுக்கு விளையாட்டா என்று மாஸ்க்குக்குள்ளேயே முணுமுணுத்தார்.

அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. சென்னப்பன் இறங்கிக் கன்னடத்தில் கெஞ்சினான். கான்ஸ்டபிள் ஒருவர் வந்து பின்கதவைத் திறந்தார். சித்திரை வெயிலில் வண்டிக்குள் அடுப்பு மாதிரி கொதித்தது. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, சட்டை தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "யாரப்பா பேஷண்ட்டு?" என்றார் கான்ஸ்டபிள்.

பாஷா மாஸ்க்கைப் பிடுங்கி மனைவியின் முகத்தில் மாட்டினார். கான்ஸ்டபிள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னார்.

வண்டி வேகம் பிடித்ததும் காத்தூனின் உதடுகள் நின்றன. கண்ணில் நீர் வழிந்தது. அப்போதுதான் பாஷாவுக்கு நிஜமான பயம் வந்தது. இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று குனிந்து சொன்னார். அவள் மாஸ்க்கை விலக்கினாள்.

"ஒண்ணு கேட்டா செய்வீங்களா? எதுத்துப் பேசக் கூடாது."

"உன் உசுரு நின்னாப் போதும். என்ன சொன்னாலும் செய்யறேன்."

"சிஸ்டர் சாட்சி?"

"சாட்சி" என்றார் பாஷா. அவருக்கும் அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றதும் பழக்கத்தில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கப் போனார். "தொடாதீங்க" என்று மூன்று பேரும் ஒன்றாக அதட்டினார்கள்.

கதவைத் திறந்த இளம் டாக்டர், போனில் குறித்துக்கொண்ட சீட்டைப் படித்தார். "கௌஸ் பாஷா, வயசு நாப்பத்தெட்டு. காலையிலேர்ந்து நெஞ்செரிச்சல்னு சோடா குடிச்சிருக்காரு. எடது கை வலி, ஒடம்பெல்லாம் வேர்வை. ஆஸ்பத்திரின்னா வர மாட்டாரு. இதுல யாரு அது?"

காத்தூன் ஸ்ட்ரெச்சரிலிருந்து குதித்து இறங்கினாள். தின்னாமல் முந்தானையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையைச் சரசம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நாடி நூத்திப் பன்னெண்டு டாக்டர். நடுநடுவுல ஒண்ணு தவறுது, வழியெல்லாம் எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்" என்றவள், தலையணையைத் தட்டிப் போட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "ம், படுங்க. ராசி போவுதான்னு நான் மொதல்லயே படுத்துப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆவல."