கேட்டபின் பேசாதே

"தொகையைச் சொன்ன கையோட கெஞ்ச ஆரம்பிச்சுட்டீங்க. பத்துக்கு நாலு," என்றது கணினி.

குழந்தைகள் காப்பகத்துக்கு நன்கொடை திரட்டும் அவளுக்கு அதுதான் வாத்தியார். கோடீஸ்வரராக வேஷம் கட்டி, முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும். பிறகு மதிப்பெண் போடும்.

"கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அவங்க பேசட்டும்."

தொண்டை வறளப் பழகினாள். இந்த மாதம் நன்கொடை வராவிட்டால் காப்பகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

நிஜக் கோடீஸ்வரரின் மாளிகையில், செயலாளர் மேஜைமேல் ஒரு ஸ்பீக்கர்போனை வைத்தார். "ஐயா மாடியில இருக்கார். இதுல பேசுங்கம்மா."

குழந்தைகளைப் பற்றிச் சொன்னாள். தொகையைச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மனசு கேக்கலம்மா. ஆனா இந்த வருஷம் வழியில்ல," என்றது குரல்.

அவளுக்குக் கண் கலங்கியது. அப்போதும் வாய் திறக்கவில்லை.

"கேட்டுட்டுப் பேசாம இருந்தீங்க பாருங்க," என்றது அதே குரல். "பத்துக்குப் பத்து."

செயலாளர் பதறிப்போய் அதை அணைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஐயா இளகின மனசுக்காரர், நேர்ல கேட்டா இல்லன்னு சொல்லவே வாய் வராது. அதனாலதான் அவருக்குப் பதிலா இந்தக் கணினியை உக்கார வச்சிருக்கோம்."