இருபதாவது நிமிடம்

“மூணு தடவை போயாச்சு. சரியா இருபதாவது நிமிஷம் ரெண்டு எஞ்சினும் ஒண்ணா நின்னுடுது!” என்று மெக்கானிக்கான என்னிடம் சொன்னார் படகுக்காரர். பழைய படகைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்தவர். அவர் மனைவி கரையில் நின்றாள்.

இரண்டும் ஒன்றாக நின்றால், இரண்டுக்கும் பொதுவான டீசல் டேங்கில்தான் கோளாறு. மூடியைத் திருகினேன். ‘உஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. டேங்கின் காற்றுக் குழாய்க்குள் கம்பியை விட்டு இழுத்ததும் துணிச் சுருள் ஒன்று வந்தது.

படகுக்காரர் டீசல் கேன் எடுக்கப் போயிருந்தார். அவள் ஓடி வந்தாள்.

“அண்ணே, அதைத் திரும்ப உள்ளயே வெச்சிடுங்க.”

“விளையாடறியாம்மா? காத்து போகலைன்னா டீசல் வராது. நடுக்கடல்ல நின்னுடும்.”

“நடுக்கடல் வரைக்கும் போகாதுண்ணே. கரை தெரியற இடத்துலயே நின்னுடும்.”

கடல் பயம் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே துணியைத் தூர எறிந்தேன்.

அவர் வந்ததும், “இனிமே கரையே கண்ணுல படாத தூரம் போகலாம் சார்!” என்று மார்தட்டினேன்.

“அதுதான் வேணும்.”

மனைவியைக் கைபிடித்து ஏற்றினார். இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மூட்டையை எடுத்து, “இது இனி வேணாம்” என்று கரையில் வீசினார்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இருபது நிமிடம் தாண்டியது. ஒரு தும்மல்கூட இல்லாமல் போன படகு புள்ளியாகி மறைந்தது. என் வேலை எப்போதும் சுத்தம்.

கிளம்பும்போது அந்த மூட்டை காலில் தட்டுப்பட்டது. பிரித்துப் பார்த்தேன்.

உள்ளே இருந்தது லைஃப் ஜாக்கெட். ஒன்றே ஒன்றுதான், பெண்கள் அளவில்.